யாருடைய வெற்றி அத்வா?

அடிஸ் அபாபாவின் புதிய நினைவகம் எத்தியோப்பியாவின் பழைய கேள்வி ஒன்றுக்குப் பதில் சொல்ல முயல்கிறது

ரோம் நகரத்தின் பெரிய ரயில் நிலையமான தெர்மினிக்கு எதிரே இருக்கும் திடலுக்கு ‘ஐந்நூற்றுவர் சதுக்கம்’ என்று பெயர். 1887 ஜனவரி 26 அன்று, இன்றைய எரித்ரியாவில் உள்ள தோகாலியில், எத்தியோப்பியத் தளபதி ராஸ் அலுலாவின் படையிடம் சிக்கி மாண்ட இத்தாலியச் சிப்பாய்களின் நினைவாக வைத்த பெயர் அது. தோற்றவர்கள் தங்கள் தோல்விக்குத் தலைநகரின் தலைவாசலிலேயே இடம் ஒதுக்கிவிட்டார்கள். வென்றவர்கள்? ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1896 மார்ச் 1 அன்று, அதே இத்தாலியின் படையை அத்வா மலைகளில் சில மணி நேரத்தில் சிதறடித்தது எத்தியோப்பியா. ஆப்பிரிக்காவை ஐரோப்பிய வல்லரசுகள் பங்குபோட்டுக்கொண்டிருந்த காலத்தில், ஓர் ஆப்பிரிக்க நாடு போர்க்களத்தில் வென்று தன் சுதந்திரத்தைக் காப்பாற்றிக்கொண்ட வெற்றி அது. ஆனால் அந்த வெற்றிக்கென்றே ஒரு முழுமையான நினைவகம் அடிஸ் அபாபாவில் எழுவதற்கு 2024 பிப்ரவரி வரை ஆயிற்று. ஏறத்தாழ 128 ஆண்டுகள்.

இந்தத் தாமதத்துக்குப் பணத்தட்டுப்பாட்டைக் காரணம் சொல்ல முடியாது. இடைப்பட்ட காலத்தில் அந்த நகரத்தில் எழுந்த சிலைகளும் தூண்களும் மண்டபங்களும் கொஞ்சநஞ்சமல்ல. அத்வா யாருடைய வெற்றி என்பதில் ஒருமித்த கருத்து உருவாகவில்லை. சிக்கல் அங்கேதான் இருந்தது. பேரரசர் இரண்டாம் மெனெலிக்கின் வெற்றியா? போர் நடந்த டிக்ரே மண்ணின் வெற்றியா? மெனெலிக்கிடம் தம் நிலத்தை இழந்து, பிறகு அவருடைய படையிலேயே நின்ற தென்பகுதி மக்களின் வெற்றியா? அல்லது ஆப்பிரிக்கா முழுமைக்குமான வெற்றியா? பியாசா பகுதியில், மெனெலிக் சதுக்கத்தை ஒட்டி, 2024 பிப்ரவரி 11 அன்று பிரதமர் அபி அகமது திறந்துவைத்த அத்வா வெற்றி நினைவகம், இது எல்லோருடைய வெற்றியும்தான் என்று பதில் சொல்கிறது. அந்தப் பதில் சரியானது, சரித்திரச் சான்றுகள் அதன் பக்கம் நிற்கின்றன என்பதே இக்கட்டுரையின் வாதம். ஆனால் பதில் நிலைக்க வேண்டுமானால், அந்தக் கட்டடம் பெருமைக்கு இடம் கொடுத்ததுபோல் சில கசப்பான உண்மைகளுக்கும் இடம் கொடுத்தாக வேண்டும்.

ஆட்சிக்கு ஒரு சின்னம்

அடிஸ் அபாபாவின் நினைவுச் சின்னங்களைக் கால வரிசையில் வைத்துப் பார்த்தாலே எத்தியோப்பியாவின் நூறாண்டு அரசியல் விளங்கிவிடும். ஹைலே செலாசி 1930 நவம்பரில் முடிசூடினார். அதையொட்டி, குதிரைமேல் வீற்றிருக்கும் மெனெலிக்கின் வெண்கலச் சிலை புனித ஜார்ஜ் பேராலயத்தின் அருகே திறக்கப்பட்டது. அத்வாவை வென்றவரின் வாரிசு நான் என்று புதிய பேரரசர் ஊருக்குச் சொன்ன விதம் அது. 1936-இல் முசோலினியின் படை நகரத்தைப் பிடித்ததும் அந்தச் சிலையைக் கழற்றிப் புதைத்தார்கள்; நாற்பது வருடத்துக்கு முந்தைய தோல்வி அவர்களை அந்த அளவுக்கு உறுத்தியது. 1941-இல் நாடு மீண்ட பிறகு சிலை மறுபடி பீடம் ஏறியது. 1974-இல் பேரரசரைக் கவிழ்த்த ராணுவ ஆட்சி, புரட்சியின் பத்தாம் ஆண்டில், உச்சியில் சிவப்பு நட்சத்திரம் சூடிய திக்லாச்சின் தூணை வட கொரியச் சிற்பிகளின் உதவியோடு நிறுத்தியது. அதற்கு முந்தைய ஆண்டு லெனினுக்கும் ஒரு சிலை வைத்திருந்தது. 1991-இல் ஆட்சி விழுந்த கையோடு லெனினும் விழுந்தார்.

இந்தச் சின்னங்களில் ஆட்சியில் இருந்தவர் பேசினார், மக்கள் அண்ணாந்து பார்த்தார்கள். பல சமயங்களில் வடித்துக் கொடுத்த கையும் வெளியார் கைதான். 1937 பிப்ரவரி 19 அன்று இத்தாலியர்கள் அடிஸ் அபாபாவில் தொடங்கிய படுகொலையை நினைவுகூரும் சிதிஸ்த் கிலோ தூணில் உள்ள புடைப்புச் சிற்பங்கள் யூகோஸ்லாவியச் சிற்பிகளின் வேலை. ஆப்பிரிக்க ஒன்றியத்தின் தலைமையகம் 2012-இல் சீனப் பணத்தில் எழுந்தது. 1963 மே 25 அன்று 32 நாடுகள் கூடி ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பைத் தொடங்கிய ஆப்பிரிக்கா மண்டபத்தை வடிவமைத்தவரும் அர்த்துரோ மெத்செதீமி என்ற இத்தாலியரே. அந்த மண்டபத்தில் ஒரு விதிவிலக்கு உண்டு: ஏறக்குறைய 150 சதுர மீட்டருக்கு விரியும் வண்ணக் கண்ணாடிச் சாளரங்கள். அவற்றைத் தீட்டியவர் எத்தியோப்பிய ஓவியர் அஃபெவெர்க் தெக்லே. ஆப்பிரிக்காவின் துயரமான நேற்று, போராடும் இன்று, நம்பிக்கையோடு வரும் நாளை என மூன்று பகுதிகளாக அமைந்த அந்த ஓவியத்தின் மையம் சாதாரண ஆண்களும் பெண்களும் குழந்தைகளும்.

அறுபது ஆண்டுகள் கழித்து, அத்வா நினைவகமும் ஏறக்குறைய அந்த வழியில் நடக்கப் பார்க்கிறது. உள்ளே மெனெலிக் இருக்கிறார், பேரரசி தைத்து பெதுல் இருக்கிறார், தளபதிகளின் சிலைகள் இருக்கின்றன. அவர்களோடு, நாட்டின் கிழக்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் வடக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் வந்த வீரர்களின் பெயரில் வாயில்கள் அமைந்துள்ளன. ஆப்பிரிக்கர்கள் எல்லோருக்குமான பெரிய மண்டபம் ஒன்றும் உண்டு. எத்தியோப்பியச் சாலைகளின் தூரத்தை அளக்கத் தொடங்கும் புள்ளியிலேயே நினைவகத்தை எழுப்பியிருக்கிறார்கள். ‘அத்வா ஜீரோ கிலோமீட்டர்’ என்றே அந்தத் திட்டம் பல வருடம் அழைக்கப்பட்டது. எந்த மூலையில் இருப்பவனும் தன் ஊரின் தூரத்தை இங்கிருந்துதான் எண்ணுகிறான் என்றால், இந்த இடத்தில் நிற்கும் வெற்றியில் அவனுக்கும் பங்கு இருக்க வேண்டும் என்பது அதன் தர்க்கம்.

படையில் யார் யார் இருந்தார்கள்?

இந்தத் தர்க்கம் வெறும் அரசியல் சாமர்த்தியமா, உண்மையா என்று சோதிக்க 1896-க்குத்தான் போக வேண்டும். 1889-இல் கையெழுத்தான வுச்சாலே ஒப்பந்தத்தைக் காட்டி, எத்தியோப்பியா தன் பாதுகாப்பில் உள்ள நாடு என்று இத்தாலி ஐரோப்பாவுக்கு அறிவித்தது. மெனெலிக் அதை ஏற்கவில்லை. 1893-இல் ஒப்பந்தத்தையே தூக்கியெறிந்தார். 1895 செப்டம்பரில் போர் முரசு கொட்டி நாட்டை அழைத்தார். ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் திரண்டார்கள். இந்த எண்ணிக்கையைவிட முக்கியம் அவர்களுடைய பூர்வீகம். கோஜாம் மன்னர் தெக்லே ஹைமனோத் தன் படையோடு வந்தார். 1882-இல் எம்பாபோ போரில் மெனெலிக்கிடம் தோற்றுச் சிறைப்பட்டவர் அவர். டிக்ரேயின் ராஸ் மெங்கெஷா வந்தார். மெனெலிக் அமர்ந்திருந்த அரியணை தனக்கே உரியது என்று வாதாடி, 1894-இல்தான் பணிந்தவர். வோல்லோவின் ராஸ் மிக்காயேல் தன் ஓரோமோ குதிரைப்படையோடு வந்தார். அவர் முஸ்லிமாகப் பிறந்து பின்னாளில் கிறிஸ்தவரானவர். ஹராரிலிருந்து ராஸ் மக்கோனென் வந்தார். பின்னாளில் ஹைலே செலாசி என்று உலகம் அறிந்தவரின் தந்தை. முந்தாநாள்வரை ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டிருந்தவர்கள் ஒரே பக்கம் நின்றார்கள் என்பதுதான் அத்வாவின் அசல் சேதி.

களத்தில் நடந்ததும் இதைத்தான் காட்டுகிறது. மாதக்கணக்கில் நடந்துவந்த எத்தியோப்பியப் படைக்கு உணவு தீர்ந்துகொண்டிருந்தது. இன்னும் சில நாள் பொறுத்திருந்தால் அது தானாகக் கலைந்திருக்கவும் கூடும். ஆனால் ரோமில் இருந்த பிரதமர் கிரிஸ்பியின் நெருக்கடி தாங்காமல், தளபதி பராத்தியேரி பிப்ரவரி 29 இரவில் ஏறக்குறைய 17,000 பேரை நகர்த்தினார். கையில் இருந்த வரைபடம் தப்பு. ஒரு குன்றை இன்னொன்றாக நினைத்த அல்பெர்த்தோனேயின் பிரிவு மற்றவர்களை விட்டு வெகுதூரம் முன்னே போய் மாட்டிக்கொண்டது. பிரிந்து நின்ற பிரிவுகளை ஒவ்வொன்றாகச் சூழ்ந்து அழித்தார்கள். நண்பகலுக்குள் முடிவு தெரிந்துவிட்டது. இத்தாலியத் தளபதிகள் இருவர் மாண்டார்கள், அல்பெர்த்தோனே சிறைப்பட்டார், சேதி எட்டியதும் ரோமில் கிரிஸ்பி பதவி விலகினார். அதே ஆண்டு அக்டோபரில் இத்தாலி எத்தியோப்பியாவின் முழுச் சுதந்திரத்தை எழுத்தில் ஒப்புக்கொண்டது. தனி ஒருவரின் மேதைமையால் மட்டும் வந்த வெற்றி என்று இதைச் சொல்ல முடியாது. மெனெலிக்கின் பெரிய சாதனை ஆயுதம் சேர்த்ததும், பகைவர்களை ஒரே படையாகச் சேர்த்ததும். அதைச் சாதித்துக் கொடுத்தது அந்தப் பகைவர்களின் ஒப்புதல்.

பெண்களின் பங்கும் அலங்காரத்துக்குச் சொல்வதல்ல. அத்வாவுக்கு முன்னால், 1896 ஜனவரியில், மெக்கெல்லேயில் இத்தாலியர் கட்டியிருந்த கோட்டையை நேராக மோதிப் பிடிக்க முடியாமல் படை திணறியது. கோட்டைக்கு வெளியே இருந்த நீரூற்றுகளைப் பிடித்துவிட்டால் போதும் என்ற யோசனை தைத்துவுடையது. தண்ணீர் நின்றது, சில நாளில் கோட்டை கைமாறியது. அத்வா களத்திலும் அவர் தன் சொந்தப் படையோடு நின்றார். ஆயிரக்கணக்கான பெண்கள் தானியம் சுமந்தார்கள், சமைத்தார்கள், தண்ணீர் கொண்டுபோனார்கள், காயம்பட்டவர்களைப் பார்த்துக்கொண்டார்கள். அடிஸ் அபாபா நகரம் அமைய இடம் பார்த்தவரும் தைத்துவே. அவருக்கு உரிய இடத்தை அந்த நகரத்தின் மையத்தில் கொடுக்க இவ்வளவு காலம் ஆனது எத்தியோப்பியாவுக்குப் பெருமை சேர்க்காது. கொடுத்துவிட்டது நினைவகத்துக்குப் பெருமை.

இரு கண்ணும் ஒரு கண்ணும்

அத்வாவைப் பற்றிய மக்கள் நினைவு இந்த நினைவகத்தோடு தொடங்கவில்லை. எத்தியோப்பிய ஓவியர்கள் நூறாண்டுக்கு மேலாக அந்தப் போரைத் துணியில் தீட்டி வருகிறார்கள். அந்தச் சித்திரங்களுக்கு ஓர் இலக்கணம் உண்டு. இடப்பக்கம் எத்தியோப்பியப் படை, வலப்பக்கம் இத்தாலியப் படை. வானத்தில் பச்சை, மஞ்சள், சிவப்பு ஒளிவட்டத்துக்குள் வெள்ளைக் குதிரையில் புனித ஜார்ஜ். அவருடைய திருநாளில்தான் போர் நடந்தது. பின்னே குடை நிழலில் மெனெலிக். கீழே குதிரைமேல், கையில் துப்பாக்கியோடு தைத்து. எத்தியோப்பியர்களின் முகங்கள் நேராக, இரு கண்ணும் தெரிய இருக்கும். எதிரிகளின் முகம் பக்கவாட்டில், ஒரு கண் மட்டும் தெரியும். தேவாலயச் சுவர்களில் நல்லவர்களையும் தீயவர்களையும் பிரித்துக் காட்ட வந்த பழைய மரபு அப்படியே போர்க்களத்துக்குக் குடிபெயர்ந்தது. அந்தச் சித்திரங்களைக் கூர்ந்து பார்த்தால் ஒன்று புரியும்: அரசர் ஓரத்தில் இருக்கிறார்; படத்தின் பெரும்பகுதியை நிறைத்திருப்பது கேடயமும் துப்பாக்கியும் ஏந்திய கூட்டம். மக்கள் கலை எப்போதோ கண்டுகொண்டதை அரசு இப்போதுதான் கண்டுகொண்டிருக்கிறது.

குதிரைப் பெயர்கள் இன்னொரு சான்று. எத்தியோப்பியப் பிரபுக்களும் தளபதிகளும் தங்கள் போர்க் குதிரையின் பெயரால் அழைக்கப்படுவது வழக்கம். மெனெலிக் ‘அபா தாஞ்ஞெவ்’, அலுலா ‘அபா நெகா’, பால்சா சாஃபோ ‘அபா நெஃப்சோ’. குதிரை வீரத்துக்குப் பேர்போன ஓரோமோ மக்களின் வழக்கத்தோடு நெருங்கிய மரபு இது. பேரரசரின் போர்ப்பெயரே இப்படித்தான் இருக்கிறது என்றால், அந்தப் படையின் பண்பாடு எவ்வளவு கலந்திருந்தது என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டியதில்லை. இன்றும் ஆண்டுதோறும் அத்வா நாளில் வெள்ளைப் பருத்தி உடுத்தி, கேடயமும் ஈட்டியும் ஏந்தி, சிங்கப் பிடரி சூடி மக்கள் தெருவுக்கு வருகிறார்கள். ‘குஸோ அத்வா’ என்ற பெயரில் அடிஸ் அபாபாவிலிருந்து அத்வாவரை ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர் நடந்தே போகும் இளைஞர்களும் உண்டு. கட்டடம் வருமுன்பே இந்தப் பாரம்பரியம் உயிரோடு இருந்தது. கட்டடம் அதற்கு ஒரு முகவரி கொடுத்திருக்கிறது.

எதிர்வாதங்கள்

முதல் எதிர்வாதம் மெனெலிக்கைப் பற்றியது. வடக்கே இத்தாலியை விரட்டிய அதே மெனெலிக்தான் தெற்கே ஓரோமோ, வொலைத்தா, காஃபா நிலங்களைப் படையெடுத்துப் பிடித்தார். ஆர்சியில் அவருடைய படை மக்களின் கைகளையும் பெண்களின் மார்பகங்களையும் வெட்டியது என்பது ஓரோமோ மக்களின் ஆறாத நினைவு. 2014-இல் ஓரோமியா மாநிலத்தில் அந்த நினைவுக்கு அனோலேயில் ஒரு சின்னமே எழுந்தது. அப்படியானால் அவரைக் கொண்டாடும் இடத்தை எல்லோருக்கும் பொது என்று எப்படிச் சொல்வது? இதற்கு விடை அத்வாவின் தளபதிகளின் வாழ்க்கையிலேயே இருக்கிறது. ஃபித்தாவ்ராரி ஹப்தே கியோர்கிஸ் ஓரோமோ; சிறு வயதில் மெனெலிக்கின் படையெடுப்பில் பிடிபட்டு, அத்வாவில் போரிட்டு, பின்னாளில் நாட்டின் போர் அமைச்சரானவர். பால்சா சாஃபோவின் கதையும் ஏறக்குறைய அதுவே; அவர் முதிய வயதில் 1936-இல் மறுபடி இத்தாலியரோடு போரிட்டு மடிந்தார். படையெடுப்பின் கொடுமையும் அத்வாவின் பெருமையும் இவர்கள் உடம்பில் சேர்ந்தே இருந்தன. ஒன்றைச் சொல்லி மற்றதை மறைத்தால்தான் அது பிரசாரம். இரண்டையும் ஒரே கூரையின்கீழ் சொன்னால் அது சரித்திரம்.

இரண்டாவது, செலவு. பல நூறு கோடி பிர் இதில் போயிருக்கிறது. டிக்ரேயில் 2020 நவம்பரில் மூண்ட போர் 2022 நவம்பரில் பிரிட்டோரியா ஒப்பந்தத்தோடுதான் ஓய்ந்தது. அத்வா நகரமே அந்தப் போரில் சிக்கித் தவித்த நாட்களில், தலைநகரில் அதன் பெயரால் கட்டடம் எழுந்துகொண்டிருந்தது. இந்த முரண் வலிக்கத்தான் செய்கிறது. ஆனால் நினைவகத்தைக் கட்டாமல் விட்டிருந்தால் அந்தப் பணம் டிக்ரேக்குப் போயிருக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. தவிர, வடக்கையும் தெற்கையும் மீண்டும் ஒட்டவைக்கப் பொது நினைவு ஒன்று தேவைப்படும் நாடு இது. உண்மையான குறை வேறு இடத்தில் இருக்கிறது: தலைநகரில் பளபளக்கும் வெற்றி, வெற்றி நடந்த மண்ணில் ஆதரவற்று இருக்கக் கூடாது. அத்வா குன்றுகளுக்கும் அந்நகர மக்களுக்கும் சேர வேண்டிய பங்கு சேராதவரை இந்த நினைவகத்தின் கணக்கு நேராகாது.

மூன்றாவது, இது ஆட்சியாளரின் விளம்பரம் என்பது. ஆட்சிக்கு ஆட்சி சின்னம் வைத்த நகரத்தில் இந்தச் சந்தேகம் நியாயமானதே. 2023 மார்ச் 2 அன்று, அரசு விழா மெஸ்கெல் சதுக்கத்தில் நடக்க, வழக்கம்போல் மெனெலிக் சிலையடியில் கூடியவர்களைக் காவல்துறை கண்ணீர்ப்புகை வீசிக் கலைத்ததையும் மக்கள் மறக்கவில்லை. ஆனால் கட்டியவரின் நோக்கத்தை வைத்து மட்டும் ஒரு கட்டடத்தை எடைபோட்டால் உலகத்தில் எந்த நினைவகமும் தேறாது. ஹைலே செலாசி தன் பெருமைக்காக நிறுத்திய மெனெலிக் சிலையை, அவர் போய் ஐம்பது ஆண்டுகள் ஆனபின்பும் மக்கள் தங்களுடையதாகத்தான் வைத்திருக்கிறார்கள். அத்வா நினைவகமும் அபி அகமதுவுக்குப் பின்னும் நிற்கும். அப்போது அது யாருடைய சொத்து என்பதை உள்ளே சொல்லப்படும் கதைதான் தீர்மானிக்கும்.

நான்காவது எதிர்வாதத்துக்குத்தான் நல்ல பதில் இல்லை. நினைவகம் திறந்த சில வாரங்களில், நகரச் சாலை மேம்பாட்டுத் திட்டத்தின் பெயரால், பியாசாவின் பழைய குடியிருப்புகளும் கடைகளும் இடித்துத் தள்ளப்பட்டன. தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்தவர்கள் நகரத்தின் ஓரத்துக்கு அனுப்பப்பட்டார்கள். நகரத்தின் நூறாண்டு நினைவு அந்தச் சந்துகளிலும் மர வராந்தாக்களிலும் இருந்தது. பாரம்பரியத்துக்கு ஒரு மாளிகை எழுப்பிய கையோடு, பாரம்பரியம் வாழ்ந்த தெருவை இடிப்பது தன் வாதத்தைத் தானே மறுப்பதாகும். இடித்ததை இனி நிமிர்த்த முடியாது. அங்கே வாழ்ந்தவர்களின் பெயர்களையும் படங்களையும் கதைகளையும் சேகரித்து நினைவகத்துக்குள் வைக்க முடியும். அதையாவது செய்ய வேண்டும்.

அதோடு இன்னொரு பகுதியும் வேண்டும். அத்வாவில் இத்தாலியின் பக்கம் நின்று போரிட்டவர்களில் ஆயிரக்கணக்கானோர் எரித்ரியாவிலிருந்தும் சுற்றுப்புறங்களிலிருந்தும் கூலிக்கு எடுக்கப்பட்ட அஸ்காரி சிப்பாய்கள். பிடிபட்டவர்களில் நூற்றுக்கணக்கானோரைத் துரோகிகள் என்று முடிவுகட்டி, வலக்கையையும் இடக்காலையும் வெட்டினார்கள். அவர்களும் அந்த மண்ணின் பிள்ளைகளே. அந்த வெற்றியைப் பற்றிப் பேசும் எந்த இடமும் அவர்களைப் பற்றிப் பேசாமல் இருந்தால், அது பக்கவாட்டு முகத்தை மட்டும் வரைந்த வேலையாகவே இருக்கும்.

அத்வா வெற்றி நினைவகம் கொண்டாடத் தக்க முயற்சி. ஒரு பேரரசரின் குதிரைக்குப் பின்னால் மறைந்திருந்த பல இனத்தாரையும் பெண்களையும் முன்னே கொண்டுவந்து நிறுத்தியதற்காக அதைப் பாராட்ட வேண்டும். பிடிபட்ட அஸ்காரிகள், தெற்கே வெட்டுண்டவர்கள், பியாசாவை இழந்தவர்கள் ஆகிய மூன்று கூட்டத்தாருக்கும் அதற்குள் இடம் கிடைத்தால்தான் ‘எல்லோருடைய வெற்றி’ என்ற சொல்லுக்கு முழு அர்த்தம் வரும். அதுவரை அது பாதி எழுதிய பதில். எழுதிய பாதி சரியாகவே எழுதப்பட்டிருக்கிறது.